கொழுப்பும் ரத்த அழுத்தமும்: எதைக் குறைப்பது, எதை மாற்றுவது, எப்படிச் சரிபார்ப்பது?

ரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்ததும் பலரும் முதலில் கை வைப்பது எண்ணெயில்தான். வெண்ணெய் நின்றுபோகும், முட்டையின் மஞ்சள் கரு ஒதுக்கப்படும், எண்ணெய் சொட்டுக் கணக்கில் விடப்படும். சில வாரம் கழித்துக் கருவியில் பார்த்தால் எண் பெரிதாக இறங்கியிருக்காது. மனம் சோர்ந்து பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுவார்கள். இவ்வளவு அக்கறையோடு முயன்றவர்கள் இப்படிக் கைவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற மாதிரி கொழுப்பு நேரடியாக ஏற்றுவதில்லை. அது சுற்றுவழியில் வேலை செய்கிறது: உடல் எடை வழியாக, ரத்தக் குழாய்களின் உட்சுவர் வழியாக, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் உப்பு வழியாக. ஆகவே எல்லாக் கொழுப்பையும் ஒரேயடியாகக் குறைத்தால் கிடைக்கும் பலன் சொற்பம். எந்தக் கொழுப்பை எடுக்கிறோம், எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே எண் இறங்கும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவை மாற்றுகிறோம் என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எந்த மாற்றத்தையும் செய்ய வேண்டும். அளவு 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரத்த ஓட்டம் கூடும்போது இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடும். அது பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை தளரும், குழாய் விரிந்துகொடுக்கும், அழுத்தம் கட்டுக்குள் இருக்கும். இதயமும் ரத்தக் குழாய்களும் இயங்குவதில் இந்த வாயு ஒரு தூதுவனாக இருப்பதைக் கண்டறிந்ததற்காகவே ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் படலத்தைக் கொழுப்பு எப்படித் தொடுகிறது என்று பார்க்க 1997-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 10 பேருக்குக் கொழுப்பு மிகுந்த உணவை ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். அடுத்த சுமார் 4 மணி நேரம் வரை அவர்களது கையின் ரத்தக் குழாய் விரிந்துகொடுக்கும் திறன் குறைந்தது. கொழுப்பு குறைவான உணவைச் சாப்பிட்டபோது அப்படி நடக்கவில்லை. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே பொதுவான முடிவு சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் தட்டில் இருப்பது சில மணி நேரத்திலேயே ரத்தக் குழாயை எட்டிவிடுகிறது என்பதை அது காட்டியது.

நீண்ட காலப் பாதிப்பு வேறு. வெண்ணெய், கொழுத்த இறைச்சி, பாமாயில் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. இதில் சந்தேகம் இல்லை. ஏறிய எல்டிஎல் பல ஆண்டுகளாகக் குழாய்ச் சுவரில் படிந்து, அதன் நெகிழ்ச்சியைக் கெடுக்கிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு இது இரட்டை அடி: அழுத்தம் சுவரைச் சேதப்படுத்துகிறது, சேதமான இடத்தில் கொலஸ்ட்ரால் இன்னும் எளிதாகப் படிகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இந்தக் கூட்டணியிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. ஆகவே கொழுப்பை மாற்றியும் பிபி எண் கொஞ்சம்தான் இறங்கியது என்றால் முயற்சி வீண் என்று நினைக்காதீர்கள். கருவி காட்டாத இடத்திலும் பலன் சேர்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வழி எடை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விழுந்தாலும் கலோரி சத்தமில்லாமல் ஏறிவிடும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. குழாய்களைச் சுருக்கும் ஹார்மோன் தொடருக்கு மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜனை அது சுரக்கிறது, சிறுநீரகத்தை அழுத்தி உப்பைத் தேக்கி வைக்கச் செய்கிறது, நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மேல் எண் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) சுமார் 1 மி.மீ. (பாதரச அளவு) இறங்குவது தெரியவந்தது. ஐந்து கிலோ குறைத்தால் ஐந்து மி.மீ. என்பது சின்ன விஷயம் இல்லை. மருந்து ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான கணக்குப்படி, மேல் எண் 5 மி.மீ. இறங்கினாலே இதய, மூளைப் பாதிப்புகள் சுமார் 10% குறைகின்றன.

சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது

நான்கு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். கீழே வரும் முக்கியமான படிகள் இவற்றிலிருந்து வந்தவை.

பின்லாந்து, டென்மார்க், இத்தாலி, ஆஸ்திரேலியா, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான 162 பேரை 3 மாதம் பின்தொடர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு நிறைவுற்ற கொழுப்பு, மற்றொரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயில் இருப்பது போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. இரண்டாவது குழுவில் மேல் எண் சுமார் 2%, கீழ் எண் சுமார் 4% இறங்கியது. முதல் குழுவில் மாற்றம் இல்லை. இதிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது: மொத்தக் கலோரியில் 37%-க்கு மேல் கொழுப்பிலிருந்து பெற்றவர்களுக்கு, நல்ல கொழுப்புக்கு மாறியும் கீழ் எண்ணில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நல்ல எண்ணெய்தானே என்று கை தாராளமாகப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

இரண்டாவது, அமெரிக்காவில் நடந்து 1997-இல் வெளியான டேஷ் ஆய்வு (உயர் ரத்த அழுத்தத்தை உணவால் தடுக்கும் முயற்சி). 459 பேர், 8 வாரம். உப்பின் அளவையும் உடல் எடையையும் மாறாமல் வைத்துக்கொண்டு உணவை மட்டும் மாற்றினார்கள். வழக்கமான அமெரிக்க உணவோடு ஒப்பிட்டால், காய்களும் பழங்களும் மட்டும் கூட்டிய குழுவில் மேல் எண் 2.8 மி.மீ. இறங்கியது. அதோடு கொழுப்பு குறைந்த பால் பொருள்களைச் சேர்த்து, நிறைவுற்ற கொழுப்பையும் குறைத்த குழுவில் 5.5 மி.மீ. இறங்கியது. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மட்டும் பார்த்தால் இறக்கம் 11.4 மி.மீ. ஒரு மாத்திரை தரும் பலனுக்கு நிகரான அளவு இது.

மூன்றாவது, 2005-இல் வந்த ஆம்னிஹார்ட் என்ற ஆய்வு. டேஷ் போன்ற நல்ல உணவிலேயே மாவுச்சத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நிறைவுறாக் கொழுப்பை வைத்தபோது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேலும் 2.9 மி.மீ. இறங்கியது. கொழுப்பைக் கூட்டி அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். எண்ணெயை அறவே ஒழிக்கப் பாடுபடுகிறவர்கள் இந்த ஒரு முடிவையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, 2016-இல் 36 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு. டேஷ் உணவில் ஆடை நீக்கிய பாலுக்குப் பதில் முழுக் கொழுப்புள்ள பால் பொருள்களைக் கொடுத்து, பழச்சாறு வழியாக வரும் சர்க்கரையைக் குறைத்தார்கள். ரத்த அழுத்தம் வழக்கமான டேஷ் உணவில் இறங்கிய அளவுக்கே இறங்கியது. பால், காய், பழம், பருப்பு என்று உணவு மொத்தமாகச் சரியாக இருந்தால், பாலாடை ஒன்று மட்டும் பிபி-யைக் கெடுத்துவிடாது.

படி 1: உணவில் கை வைக்கும் முன் 7 நாள் அளந்து எழுதுங்கள்

தொடக்க அளவு தெரியாமல் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி போதும். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும்.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி, காலுக்கு மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் மட்டத்தில் மேசை மீது இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதி 6 நாளின் சராசரியைப் போட்டால், அதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. எடையையும் இடுப்புச் சுற்றளவையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 2: கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஏழு நாளில் மூன்று நாளுக்கு, சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும். பிறகு இரண்டாகப் பிரியுங்கள். கண்ணுக்குத் தெரிந்த கொழுப்பு ஒன்று: ஊற்றிய எண்ணெய், தடவிய வெண்ணெய். ஒளிந்திருப்பது மற்றொன்று: பிஸ்கட், கேக், பஃப்ஸ், சிப்ஸ், சீஸ், ஐஸ்கிரீம், பதப்படுத்திய இறைச்சி, கடையில் பொரித்தவை. பலருக்கும் இரண்டாவது பட்டியல்தான் அதிர்ச்சி தரும். சமையல் எண்ணெயைச் சிக்கனமாக ஊற்றிவிட்டு, மாலையில் பிஸ்கட் பாக்கெட்டில் அதற்கு மேல் கொழுப்பைச் சாப்பிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஊற்றும் எண்ணெயை அளக்க எளிய வழி உண்டு. மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம் எடை இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் 30 நாளில் 3 லிட்டர் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 23 கிராம். அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எல்லை வேண்டுமே. மொத்தக் கலோரியில் கொழுப்பு 30%-க்குள், நிறைவுற்ற கொழுப்பு 10%-க்குள், வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் ட்ரான்ஸ் கொழுப்பு 1%-க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு இது மொத்தக் கொழுப்பில் சுமார் 66 கிராம், நிறைவுற்றதில் 22 கிராம், ட்ரான்ஸில் 2 கிராம். உங்கள் 23 கிராம் எண்ணெய் போக மீதி எங்கிருந்து வருகிறது என்பதை எழுதி வைத்த பட்டியல் சொல்லிவிடும்.

படி 3: ட்ரான்ஸ் கொழுப்பை அடியோடு நிறுத்துங்கள்

இதில் பேரம் வேண்டாம். எல்டிஎல்லை ஏற்றி, நல்லது செய்யும் எச்டிஎல்லை இறக்கும் கொழுப்பு இது. வனஸ்பதியிலும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களிலும் இருக்கும். டென்மார்க் 2003-லேயே இதற்குச் சட்டத்தில் எல்லை வைத்துவிட்டது. லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்' என்றிருந்தால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள்.

படி 4: நிறைவுற்றதை எடுத்து, அந்த இடத்தில் நிறைவுறாததை வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜாம் வைத்தால், கொழுப்பு போய் சர்க்கரை வந்தது, உடலுக்கு லாபமில்லை. 'கொழுப்பு குறைவு' என்று அச்சிட்ட பாக்கெட்டுகளில் சுவைக்காகச் சர்க்கரையும் உப்பும் கூடியிருப்பதும் உண்டு.

எண்ணெய்களில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கைத் தோராயமாகச் சொன்னால்: தேங்காய் எண்ணெயில் 80 முதல் 90%, பாமாயிலில் பாதி, கடலை எண்ணெயில் 17 முதல் 20%, ஆலிவிலும் நல்லெண்ணெயிலும் 14%, சூரியகாந்தியில் 10%. வெண்ணெயின் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்றது. தேங்காய் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிட எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. விருப்பமானவர்கள் மணத்துக்காக எப்போதாவது ஒரு கரண்டி சேர்ப்பதில் தவறில்லை. தினசரிச் சமையல் முழுவதும் அதிலேயே நடப்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

வாரம் ஒரு மாற்றம் போதும். முதல் வாரம் சமையல் எண்ணெய். அடுத்த வாரம் சிப்ஸ் இருந்த இடத்தில் உப்பில்லாத கொட்டைகள் ஒரு கைப்பிடி. அதற்கடுத்து, பதப்படுத்திய இறைச்சி இருந்த இடத்தில் மீன், பயறு, தோல் நீக்கிய கோழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வீடே எதிர்க்கும்.

முட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் ஒன்றரை கிராம்தான். பிபி-க்காக மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ளவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் பொரித்ததையே மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். ஸ்பெயினின் பிசாரா ஊரில் வீடுகளின் பொரிக்கும் எண்ணெயையே சேகரித்துச் சோதித்த ஆய்வு 2003-இல் வெளியானது. சிதைந்த எண்ணெய் பயன்படுத்திய வீட்டாருக்கு உயர் ரத்த அழுத்தம் அதிகம் காணப்பட்டது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெயைக் கொட்டிவிட அது போதுமான காரணம்.

படி 5: ஒமேகா-3 கொழுப்பைச் சேருங்கள், காப்ஸ்யூலை நம்பி இருக்காதீர்கள்

மீனில் இருக்கும் ஈபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் ரத்த அழுத்தத்தை இறக்குகின்றன. 71 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான பகுப்பாய்வின்படி, நாளுக்கு 2 முதல் 3 கிராம் அளவில்தான் நல்ல பலன் தெரிகிறது. சாதாரண 1,000 மி.கி. மீன் எண்ணெய் காப்ஸ்யூல் ஒன்றில் இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 300 மி.கி.தான் இருக்கும். அப்படியென்றால் நாளுக்கு ஏழு முதல் பத்துக் காப்ஸ்யூல். அவ்வளவு சாப்பிட்டால் சிலருக்கு இதயத் துடிப்பு சீரற்றுப்போகும் ஆபத்து கூடுகிறது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீனை வாரம் இரண்டு முறை, பொரிக்காமல் சாப்பிடுவது எளிது, பாதுகாப்பானது.

மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் உண்டு. கனடாவில் கால் ரத்தக் குழாய் நோய் உள்ள 110 பேரிடம் நடந்த ஆய்வில், பொடித்த ஆளி விதையை நாளுக்கு 30 கிராம் வீதம் 6 மாதம் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட மேல் எண் சுமார் 10 மி.மீ. குறைவாக இருந்தது. மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் இதைவிட வெகு குறைவு. எனவே பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல், ஒரு தேக்கரண்டிப் பொடியில் தொடங்குங்கள். முழு விதை பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும்.

படி 6: கொழுப்போடு வரும் உப்பைப் பிடியுங்கள்

எண்ணெயில் உப்பு இல்லை. சிப்ஸ், சீஸ், சாசேஜ், உப்பு வெண்ணெய், உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 'கொழுப்பான பண்டம் சாப்பிட்டேன், பிபி ஏறிவிட்டது' என்று சொல்கிறவர்களில் பலருக்கு அதை ஏற்றியது அந்தப் பண்டத்தின் உப்புதான்.

நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. லேபிளில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் சோடியம் 600 மி.கி.க்கு மேல், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்கு மேல் இருக்கும் பொருளை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

படி 7: தட்டின் மீதியை நிரப்புங்கள்

டேஷ் ஆய்வில் பலனைத் தந்தது முழு உணவு. ஆகவே தட்டில் பாதி காயும் பழமும் இருக்கட்டும். இவற்றின் பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. மற்றொரு கால் பங்கு முழுத் தானியம், இன்னொரு கால் பங்கு பயறு, மீன் அல்லது முட்டை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள், 'சார்டன்' என்று முடியும் மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றைச் சாப்பிடுகிறவர்களும் இங்கே கவனம். இவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கலாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் தாமாக வாங்கக் கூடாது.

படி 8: நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் மறுபடி அளந்து பாருங்கள்

படி 1-இல் சொன்ன அதே முறையில், அதே கருவியில், ஒரு வாரம் அளந்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு நாள் அளவை வைத்து மகிழவோ கவலைப்படவோ வேண்டாம். தூக்கம், வலி, மனக்கவலை எல்லாமே எண்ணை ஆட்டும். டேஷ் ஆய்வில் பலன் இரண்டு வாரத்திலேயே தெரியத் தொடங்கியது. எல்டிஎல் மாற்றத்தைப் பார்க்க இரண்டு மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

எட்டு வாரத்துக்குப் பிறகும் வீட்டுச் சராசரி 135/85-க்கு மேலேயே நின்றால் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உணவை இவ்வளவு சரியாக வைத்தும் மாத்திரை தேவைப்படுவது பலருக்கும் உண்டு. பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பிபி-யை இறங்கவிடாமல் வைத்திருக்கும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல் வரலாம். எடை குறைந்து, உப்பு குறைந்து, பழைய அளவு மாத்திரையே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், கண் இருட்டும். அப்போது உட்கார்ந்த நிலையில் ஒரு அளவும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு அளவும் எடுத்து எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.